ஃபிஸ்டுலா கை அதிர்வது பற்றி

கடலூர் சார், அப்பாவுக்கு டயாலிசிஸுக்காக மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் இணைப்பு) போட்டு மூன்று வாரத்தில் நரம்பு புடைத்து கிர்ரென்று அதிர்கிறது, அடைப்பா என்று கேட்டிருந்தீர்கள். அடைப்பு இல்லை, அந்த அதிர்வுதான் வேண்டும். நம் ஊரில் நரம்பு என்கிறோமே, அது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருவது தமனி. மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 மில்லி ரத்தம்தான் ஓடும். அதைச் சிரையோடு தைத்ததும் சில நிமிடங்களிலேயே 200-ஐத் தாண்டிவிடும், நன்றாகத் தேறினால் 600-க்கும் மேல். இவ்வளவு வேகமாக ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவதைக் குழாயின் உள்சுவர் செல்கள் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விட, குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, அப்புறம் வாரக்கணக்கில் சுவரே பிரித்துக் கட்டப்பட்டு, உரசல் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கும்வரை தமனியும் சிரையும் அகலமாகிக்கொண்டே போகும். வெள்ளத்தில் பெண்ணையாறு கரையை அரிப்பது மாதிரி என்று முதலில் நினைத்தேன், ஆனால் இங்கே அரிப்பு இல்லை, கரையே தள்ளி நிற்கிறது! ஓட்டம் குறைந்தால் சுருங்கவும் செய்யும்.

டயாலிசிஸ் ஊசியை அதில் போட அவசரப்படுத்தாதீர்கள். என் அம்மாவுக்கு ஒரு இடத்தில் சீக்கிரமே குத்தி, கை முழுக்க நீலம் பாரித்துவிட்டது. ஆறு வாரமாவது ஆகும், சிரை 6 மில்லிமீட்டர் அகலம் வர வேண்டும். மருத்துவர் சொன்னால் பந்து அமுக்கச் சொல்லுங்கள். அந்தக் கையில் பிபி பார்க்க, ரத்தம் எடுக்க விடாதீர்கள். தினமும் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றாலோ விரல்கள் சில்லிட்டு வலித்தாலோ, அன்றே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிடுங்கள்.