ஐசியூவிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று, பயம் மட்டும் போகவில்லை

கேள்வி: என் கணவருக்கு வயது 52. நிமோனியா முற்றி, கிருமி ரத்தத்தில் பரவி, 19 நாள் ஐசியூவில் இருந்தார். அதில் 11 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. “என்னைக் கட்டிப்போட்டார்கள், நீ பார்த்துக்கொண்டு நின்றாய்” என்று என்மேல் எரிந்து விழுகிறார். அவருக்கு மூச்சு வருகிறதா என்று ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து பார்க்கிறேன். ‘பிழைத்து வந்துவிட்டாரே, இன்னும் ஏன் அழுகிறாய்’ என்கிறார்கள். நான் என்ன செய்ய? - வாசகி, தென்காசி

பதில்: அழுவதில் தப்பே இல்லை, அம்மா. ஐசியூவுக்குப் பிறகு உடலிலும் மனதிலும் நினைவிலும் தங்கிவிடும் சிக்கல்களுக்கு மருத்துவ உலகம் 2012-ல் ‘போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்’ என்று ஒரு பொதுப்பெயர் வைத்தது. வீட்டாருக்கு வரும் பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றையும் அதிலேயே சேர்த்தது. ஆக, இப்போது வைத்தியம் உங்களுக்கும் தேவை.

முதலில் அந்தக் ‘கட்டிப்போட்டார்கள்’ விஷயம். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பலருக்கு மயக்க மருந்தும் காய்ச்சலும் சேர்ந்து சித்தம் குழம்பும். தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க, மெத்தென்ற துணிப்பட்டையால் கையைக் கட்டிலோடு கட்டுவதும் உண்டு. நடந்ததும் கனவும் கலந்து, அவருக்கு அது சிறைவாசமாகப் பதிந்திருக்கலாம். “அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதி போட்டு எழுதுங்கள்: எந்த நாள் குழாய் போட்டார்கள், எதற்காகக் கையைக் கட்டினார்கள், வாசல் பெஞ்சில் நீங்கள் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தீர்கள், மகள் வந்து காதருகே என்ன சொன்னாள். அவர் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டுங்கள். பல நாடுகளில் ஐசியூ நர்ஸ்களே நோயாளிக்காக இப்படி நாட்குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். தொலைந்துபோன நாட்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தால், உங்கள்மேல் உள்ள கோபம் தணிய வாய்ப்பு உண்டு.

உடம்பு தேற மாதக்கணக்காகும். படுத்த படுக்கையில் தசை வேகமாகக் கரைந்துவிடும். டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கினாலும் அவரே குடிக்கட்டும். நீங்கள் ஊட்டிவிட வேண்டாம். முட்டை, பருப்பு, மீன் நிறைய கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அப்புறம் உங்கள் ராத்திரி. வாரத்தில் இரண்டு நாளாவது மகளோ கொழுந்தனாரோ அவர் அறையில் படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். இதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும், யாரும் தானாக முன்வர மாட்டார்கள். பயப்பட வேண்டிய அறிகுறிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, திடீர்க் குழப்பம். இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவரைக் காவல் காக்கப்போகிறவர்களிடமும் அந்தத் தாளைக் காட்டிவிட்டால், நீங்கள் கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

இன்னும் ஒரு மாதத்திலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் இருவரில் யாருக்காவது ‘செத்திருக்கலாம்’ என்ற நினைப்பு வந்தால், அன்றைக்கே 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.