வலையை எடுப்பதற்கு முன்

வணக்கம்.

எங்கள் வாய்க்காலில் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் நீர்ப்பரப்பை ஒட்டியே கூட்டமாகத் திரிகின்றன. கரையில் நின்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். தலையில் தெரியும் வெண்புள்ளி வெயில் பட்டதால் வந்தது, பொருட்படுத்த வேண்டாம். கைப்பேசிச் செயலி ஒருமுறை கப்பி என்றது, மறுமுறை கம்பூசியா என்றது. கம்பூசியா அந்நிய மீன், வலை போட்டு அகற்றிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். நீங்கள் ஒதுக்கச் சொன்ன அந்தப் புள்ளிதான் இந்தப் படத்தில் உள்ள ஒரே நல்ல சான்று. வெயிலின் மினுமினுப்பு என்றால் ஒரு மீனுக்கு முதுகிலும் இன்னொன்றுக்கு வாலிலும் விழுந்திருக்கும். இங்கே எல்லா மீன்களுக்கும் உச்சந்தலையில், அதே இடத்தில் மின்னுகிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசிய நீர்நிலைகளில் இயல்பாக வாழும் அப்ளோகைலஸ் பேரினத்து மீன்களை மேலிருந்தே காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. கப்பிக்கும் கம்பூசியாவுக்கும் அப்படி ஒரு புள்ளி கிடையாது.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றுமே மேற்பரப்பில் திரிபவை. மூன்றுக்கும் வாய் மேல்நோக்கி இருக்கும். மூன்றுமே கொசுப் புழுவைத் தின்னும். மேலிருந்து எடுத்த படத்தில் துடுப்புகள் தெரியாதபோது அது வேறென்ன செய்யும்?

பக்கவாட்டில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால், அடியில் இருக்கும் குதத் துடுப்பைப் பாருங்கள். அப்ளோகைலஸுக்கு அது நீண்ட அடிப்பகுதியோடு இருக்கும். முதுகுத் துடுப்போ சிறியது, வாலை நெருங்கிப் பின்னால் தள்ளி நிற்கும். கம்பூசியாவுக்கும் கப்பிக்கும் குதத் துடுப்பு குட்டை. அவற்றின் ஆண்களில் அதுவே மெல்லிய குச்சிபோல் நீண்டு இனப்பெருக்க உறுப்பாக மாறியிருக்கும். அவை குட்டி போடுபவை. உங்கள் மீன் முட்டையிடுவது.

நிறத்தை நம்பாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சலித்துவிட்டேன். குஞ்சு ஒரு நிறம், வளர்ந்தது ஒரு நிறம். பயந்தால் வெளிறும், இணைசேரும் பருவத்தில் சிவக்கும். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் கூட்டமாக மிதப்பதைப் பார்த்துவிட்டு, அலங்கார மீனை யாரோ விட்டுவிட்டார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. துடுப்பு எங்கே தொடங்குகிறது, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது, மீசை இருக்கிறதா, இருந்தால் எத்தனை இணை என்பவை பயத்தில் மாறுவதில்லை.

எந்த இனம் என்று கேட்டால், இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. முதுகுத் துடுப்பின் அடியில் கரும்புள்ளி இருந்தால் அப்ளோகைலஸ் இனங்களில் ஒன்றான பாஞ்சாக்ஸ் என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் அதன் உறவினங்கள் சிலவற்றின் பெண் மீன்களுக்கும் அந்தப் புள்ளி உண்டு. ஆகவே ஆண், பெண் இரண்டின் படமும் வேண்டும். ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டியில் வாய்க்கால் நீரையே நிரப்பி, ஒரு மீனை மட்டும் விட்டு, துடுப்புகள் விரியும்வரை பொறுத்திருந்து பக்கவாட்டில் எடுங்கள். பின்னால் ஓர் அளவுகோலை வையுங்கள். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளக்க வேண்டும். வால் துடுப்பு கணக்கில் சேராது.

உங்கள் நண்பர்களின் கவலை வீண் அல்ல. கொசுவை ஒழிக்க உலகமெங்கும் கொண்டுபோய் விடப்பட்ட கம்பூசியா, மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும், தவளைகளின் முட்டையையும் தலைப்பிரட்டைகளையும் தின்னும். அதற்காகச் சல்லடை வலையை இழுத்தால், வருவதெல்லாம் கம்பூசியாவாகவா இருக்கும்? அந்தக் கூட்டத்தில் அதுவும் கலந்திருக்கலாம். அதனால் மேற்பரப்பில் திரியும் மீன்களில் நாலைந்தையாவது தனித்தனியே படமெடுத்து அனுப்புங்கள். அதுவரை வலை வீட்டிலேயே இருக்கட்டும். படமெடுத்த மீன்களைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், பக்கத்துக் குளத்தில் அல்ல.