அம்மாவின் வைப்புத்தொகையும் உங்கள் கார்டு கடனும்

கேள்வி: 76 வயதான என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. செலவு ஏறத்தாழ என் ஐந்து மாதச் சம்பளம். முழுவதையும் கிரெடிட் கார்டில் செலுத்தினேன். வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். அம்மாவின் பெயரில் அதே அளவு வைப்புத்தொகை இருந்தும், அதைத் தொடக்கூடாது என்கிறார்கள் அண்ணனும் அக்காவும். செலவைக் குறைக்க பிசியோதெரபியை நிறுத்திவிட்டேன். முதியோருக்கான முதலீட்டுடன் கூடிய காப்பீட்டில் அம்மாவைச் சேர்க்கலாமா?

பதில்: காப்பீட்டைப் பிறகு பார்ப்போம். உங்களைக் கரைத்துக்கொண்டிருப்பது அந்தக் குறைந்தபட்சத் தொகைதான். அது பாக்கியில் 5 சதவீதம் என்று கொண்டால், மாதந்தோறும் சம்பளத்தில் கால் பங்கைக் கட்டுகிறீர்கள். அதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது. இப்படியே ஓராண்டு கட்டினால் வட்டி மட்டும் ஒன்றரை மாதச் சம்பளத்தைத் தாண்டும். வைப்புத்தொகைக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் கிடைத்தாலும் அது ஈட்டித் தருவது உங்கள் பத்து நாள் சம்பளத்தைத்தான். முன்கூட்டியே எடுப்பதால் வட்டியில் சிறிது குறையலாம். இந்தக் கணக்கில் அது ஒரு பொருட்டே அல்ல. அந்தப் பணம் உங்கள் தாயாருடையது. அவர் சிகிச்சைக்கு அது பயன்படலாமா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டுமே தவிர, வருங்கால வாரிசுகளிடம் அல்ல.

பிசியோதெரபியை நிறுத்தியது சிக்கனம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது அச்சம் தருகிறது. அறுவை சிகிச்சைச் செலவு ஒருமுறையோடு முடிந்துவிடும். ஆனால் நடமாட்டம் திரும்பாத முதியவருக்குத் தசை வலுவிழப்பு, படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, கால் இரத்தக்குழாயில் இரத்த உறைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும் என்பதோடு, முழுநேரத் துணையாளருக்கான சம்பளமும் மாதாமாதம் தொடரும். குடும்பங்களை உண்மையில் சாய்ப்பது அந்தச் செலவுதான். ஒருமுறை இடுப்பு முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பும் கூடுதல். எனவே எலும்பு அடர்த்திப் பரிசோதனை, அதற்கான மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றால் தள்ளாட்டம் வருகிறதா என்பன குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடியும், படுக்கையிலிருந்து அங்கு செல்லும் வழியில் இரவு விளக்கும் பொருத்த ஆகும் செலவு, நீங்கள் கட்டும் ஒரு மாத வட்டிக்குள் அடங்கிவிடலாம்.

ஏஜென்ட்கள் விற்கும் அந்த முதலீட்டுடன் கூடிய காப்பீடு வேண்டாம். நடந்து முடிந்த சிகிச்சைக்கு எந்தப் புதிய பாலிசியும் பணம் தராது. இந்த வயதில் உயிர்க் காப்பீட்டுக்கான கட்டணமே பிரீமியத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், மிஞ்சுவதைத்தான் முதலீடு என்று அலங்கரித்துக் காட்டுவார்கள்.

தாயார் சம்மதித்தால் இந்த வாரமே கடனை அடைத்துவிட்டு, விடுபடும் அந்தக் கால் பங்குச் சம்பளத்திலிருந்து பிசியோதெரபியை மீண்டும் தொடங்குங்கள். மிச்சத்தை அவர் கணக்கிலேயே திரும்பப் போட்டு வாருங்கள். அதன் பிறகும் அண்ணனும் அக்காவும் ஆட்சேபித்தால், கார்டு அறிக்கையை அனுப்பி, இதுவரை ஏறிய வட்டியில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கேளுங்கள்.