குளிக்காமல் உள்ளே வந்த துக்கம்

கேள்வி: எனக்கு வயது 38. ஈரோடு பக்கம் ஒரு கிராமம். மூன்று வாரத்துக்கு முன்னால், எல்லாரும் தூங்கின பிறகு, கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைச் செல்போனில் பார்த்தேன். தீயைக் காட்டியபோதுகூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு அம்மா பெட்டியைத் திறந்து யூனிஃபார்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட இடத்தில் உடைந்துவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. எட்டு வயது மகன் மூச்சு விடுகிறானா என்று ராத்திரி ஐந்து தடவை எழுந்து பார்க்கிறேன். பள்ளிக்குத் தினமும் இரண்டு தடவை போன் செய்கிறேன். அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். மகனும் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எங்க ஸ்கூல்லயும் தீப்பிடிக்குமா?" என்றான். வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தார், நாலு நாள் போட்டேன். அந்த அம்மாவின் நம்பரைத் தேடிப்பிடித்து ஐயாயிரம் ரூபாய் அனுப்பலாமா? 1999-ல் என் தம்பி கிணற்றில் விழுந்து இறந்தான், அவனுக்கு எட்டு வயது. அப்போதுகூட நான் இப்படி அழவில்லை. எனக்கு மனநோயா?

பதில்: அன்புச் சகோதரி, மனநோய் இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

தம்பியைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதமே அந்த வரியில்தான் இருக்கிறது. தம்பி போனது எட்டு வயதில். உங்கள் மகனுக்கு இப்போது எட்டு. இறந்துபோன பிள்ளையின் வயதை வீட்டில் இன்னொரு பிள்ளை எட்டும்போது பழைய துக்கம் எழுந்து உட்காருவதைத் துக்க ஆலோசகர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். தீயைப் பார்த்தபோது தாங்கினீர்கள், யூனிஃபார்மைப் பார்த்தபோது உடைந்தீர்கள். உங்கள் வீட்டில் நடந்தது தீ விபத்து இல்லையே. ஒரு பையனின் துணிமணி எங்கே போனது என்று யாரும் பேசாத வீடு அது. நீங்கள் அழுதது இரண்டு பேருக்காக.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவு சமைத்த கொட்டகையில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பெற்றோர் இன்றும் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் பள்ளி வாசலில் படங்களை வைத்து, பூப்போட்டு, விளக்கேற்றுகிறார்கள். அவர்கள் துக்கத்துக்கு ஒரு நாள் இருக்கிறது, போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது, உரக்கச் சொல்லப் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் தம்பிக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது? பன்னிரண்டு வயதில் நீங்கள் அழாததற்கும் காரணம் இதுவே. பெரியவர்கள் உடைந்து கிடக்கும் வீட்டில், தான் அழுதால் அம்மா இன்னும் அழுவாள் என்று பிள்ளைகள் அழுகையை விழுங்கிக்கொள்வார்கள்.

படத்தைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கு நாம் தனியாகப் போவதில்லை. கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கும், ஒப்பாரிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கும். திரும்பி வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏறுவோம். "அது அந்த வீட்டுத் துக்கம், இது என் வீடு" என்று உடம்புக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழி வேறில்லை. நள்ளிரவில், இருட்டில், படுக்கையில், காதில் ஹெட்போன் மாட்டிப் பார்த்த படத்துக்கு இது எதுவுமே கிடையாது. படம் முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடியிருக்கும். இனி இப்படிப்பட்ட படம் பார்ப்பதானால் பகலில், யாராவது ஒருவர் கூட இருக்க, டிவியில் பாருங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை செட்டிங்கில் அணைத்து வையுங்கள். நெஞ்சை அடைக்கும் இடத்தில் முதலில் ஒலியைக் குறையுங்கள், ஏனென்றால் அழுகுரலும் பின்னணி இசையும் காட்சியைவிட ஆழமாக இறங்கும். முடிந்ததும் போனைத் தொடாமல் குளியுங்கள், சூடாக ஏதாவது சாப்பிடுங்கள்.

அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். பார்க்கப் பார்க்க மரத்துப்போகும் என்று நினைக்கிறீர்கள், நடப்பது தலைகீழ். 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த ஆய்வில், அடுத்த வாரம் முழுக்கத் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் தெரிந்தது. சேமித்து வைத்த வீடியோவையும் தேடல் வரலாற்றையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அதே மாதிரிப் படங்களையே போன் உங்கள் முன் கொண்டுவந்து கொட்டும்.

காட்சி தானாக மனதில் வந்தால் கண்ணும் கையும் சேர்ந்து உழைக்கும் வேலை ஒன்றை உடனே எடுங்கள். 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள். கொடூரக் காட்சிகளைப் பார்த்தவர்களில், அரை மணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் வீடியோ விளையாட்டு) விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகவே வந்தன. மனக்கண்ணில் படத்தைப் பிடித்து வைக்கும் அதே இடத்தை விளையாட்டு பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு டெட்ரிஸ் வேண்டாம். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுங்கள், கைவராத புதுக் கோலமாக, பதினைந்து நிமிடம். பழகின கோலத்தைக் கை தானாகப் போட்டுவிடும், மனது பழையபடி அங்கேயே போகும். சீரியல் பார்ப்பதும் இதற்கு உதவாது, அதில் கைக்கு வேலை இல்லை.

இனி மகன் விஷயம். மூச்சைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஐந்து நிமிட நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் வினை. 'நான் பார்த்ததால்தான் அவன் பிழைத்திருக்கிறான்' என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டு, அடுத்த தடவையைச் சீக்கிரமே கேட்கிறது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இந்த வாரம் மூன்று தடவை, அடுத்த வாரம் இரண்டு, அதன் பிறகு படுக்கப் போகும்போது ஒரே ஒரு தடவை. நடுவில் எழத் தோன்றினால் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். அந்த நேரத்தில் மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். தவிப்பு ஏறி உச்சிக்குப் போய்த் தானாக இறங்குவதை இரண்டு மூன்று இரவிலேயே கவனிப்பீர்கள்.

பள்ளிக்குப் போன் செய்வதற்குப் பதில் ஒரு தடவை நேரில் போங்கள். கும்பகோணம் சொல்லிக்கொடுத்ததை வைத்தே பாருங்கள். சமையலறை வகுப்பறையை ஒட்டியிருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? கூரையிலோ பந்தலிலோ கீற்று, தார்ப்பாய் ஏதாவது இருக்கிறதா? மாடி இருந்தால் படிக்கட்டு எத்தனை, பள்ளி நேரத்தில் கிரில் கேட்டைப் பூட்டுகிறார்களா? தீயணைப்பான் மீட்டரின் முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, கடைசியாகச் சோதித்த தேதி அட்டையில் என்ன? கடைசியாகப் பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டி வந்து ஒத்திகை பார்த்தது எப்போது? குறை தெரிந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசுங்கள். பயத்துக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டால் அது தினமும் போன் கேட்காது.

அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. "அதெல்லாம் பிடிக்காது, போய் விளையாடு" என்று அனுப்பியிருந்தால் திரும்பக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நடக்கவே நடக்காது என்ற வாக்குறுதியை எட்டு வயதுப் பையன் நம்ப மாட்டான். "ரொம்ப வருஷம் முன்னால அப்படி ஒண்ணு நடந்துச்சு கண்ணு. கூரை ஓலையில இருந்துச்சு. அதுக்கப்புறம் ஸ்கூல்ல ஓலைக் கூரையே கூடாதுன்னு எடுத்துட்டாங்க. உங்க ஸ்கூலை அம்மா போய்ப் பார்த்துட்டு வந்தேன். மணி அடிச்சா டீச்சர் சொல்ற வழியில பையைப் போட்டுட்டு வந்துடணும், அவ்வளவுதான்." இந்த அளவு போதும். பிள்ளைகள் பெரும்பாலும் பைக்காகவும் செருப்புக்காகவும் திரும்பி ஓடுவார்கள் என்பதால் பையை விட்டுவிட்டு வரச் சொல்வதை மறக்காதீர்கள். உங்கள் அழுகையையும் அவனிடம் மறைக்க வேண்டாம். "மாமாவை நினைச்சு அழுதேன்" என்று ஒரு வரி சொன்னால், தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைக்க மாட்டான்.

வீட்டுக்காரர் கல் நெஞ்சுக்காரர் என்று முடிவுகட்டாதீர்கள். துக்கம் சிலருக்குக் கண்ணில் வரும், சிலருக்குக் கையில் வரும். எழுந்து தோட்டத்துக்குப் போனது ஒரு பதில்தான். சிறுசிறு துண்டைப் போனில் நீட்டி, "பாருங்க, அழுகை வரலையா?" என்று சோதிப்பது யாரையும் இறுக வைக்கும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தீயணைப்பானையும் படிக்கட்டையும் அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள், அவருக்குள் என்ன இருந்தது என்பது அங்கே தெரியும்.

மாத்திரை இனி வேண்டவே வேண்டாம். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்ததை நீங்கள் போடுவதே ஆபத்து. அதோடு, இப்படி அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் வரும் தூக்கமின்மைக்கு பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரை கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். பாதி மாத்திரை நாலு நாள் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள் என்றால் கவலையில்லை. இன்னும் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள். படம் பார்த்து ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் திரும்பாவிட்டால், மகனைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் போனால், சமையல், சாப்பாடு, வேலை தடைப்பட்டால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

ஐயாயிரம் ரூபாய் விஷயத்தில் எங்கள் பதில், வேண்டாம். உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் நம்பர் தேடிப் பேசும் ஒவ்வொரு முன்பின் தெரியாதவரிடமும் அந்தத் தாய் அந்த நாளை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். படத்தில் அவர் பேசியது தானே ஒப்புக்கொண்ட ஒரு நாளில். உங்கள் போன் வரும் நாள் அவருடைய எந்த நாளோ. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், படம் எடுத்தவர்கள் வழியாக மூன்று வரிக் கடிதம் அனுப்புங்கள். படம் பார்த்தேன், உங்கள் பிள்ளையின் பெயர் என் நினைவில் இருக்கிறது, பதில் எழுத வேண்டாம். இவ்வளவே. 'காலம் ஆற்றும்', 'கடவுள் கணக்கு' போன்றவை வேண்டாம், உங்கள் தம்பி கதையும் அதில் வேண்டாம். அவர் அழும் துண்டை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

தம்பி கதையைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. உங்கள் அம்மா இருக்கிறார் என்றால், அவரிடம். போனில் கேட்காதீர்கள், நோம்பி நாளில் கேட்காதீர்கள், மருமகனும் பேரனும் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். அம்மாவும் நீங்களும் மட்டும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டோ பருப்புப் புடைத்துக்கொண்டோ இருக்கும் நேரம் நல்லது. முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதி. கிணற்றில் தொடங்காதீர்கள். அவன் உயிரோடு இருந்த ஒரு நாளில் தொடங்குங்கள்: "தம்பிக்கு எந்தக் கொழம்பும்மா பிடிக்கும்?" பெயரைச் சொல்லியே கேளுங்கள். அம்மா எழுந்து போனால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரமும் பேச்சுவாக்கில் பெயரைச் சொல்லுங்கள். அழுதால் சமாதானப்படுத்தாமல் கூட உட்காருங்கள். "நான் பார்த்துக்கிட்டிருந்தா..." என்று அம்மா தன்னையே குற்றம் சொல்லத் தொடங்கினால், இல்லை என்று உடனே மறுக்காமல் முழுவதும் சொல்ல விடுங்கள். இத்தனை வருடம் அதை யாரும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சின்ன வயதில் போனவர்களுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் அது விட்டுப்போயிருந்தால் திரும்பத் தொடங்கலாமா என்று பிறகு ஒருநாள் கேட்கலாம்.

வீட்டில் அவன் படம் இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவைத் தேடுங்கள். ஸ்டுடியோவில் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். போட்டோவில் முகம் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் மூன்று மடங்கு வரைதான் பெரிதாக்கலாம், அதற்கு மேல் கலங்கிவிடும். நாலுக்கு ஆறு அங்குலச் சட்டத்தோடு நிறுத்துங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தரும் போன் ஆப் வேண்டாம், அது இல்லாத கண்ணையும் பல்லையும் தானே வரைந்து சேர்த்துவிடும், அம்மாவுக்கு வேறு யார் வீட்டுப் பிள்ளையோ போலத் தெரியும். கலங்கலாக இருந்தாலும் அவன் முகமாக இருக்கட்டும். எங்கே மாட்டுவது, மாலை போடுவதா வேண்டாமா என்பதை அம்மாவே சொல்லட்டும்.