மிஞ்சிய ஆல்பம் தாள்களில் முதல் பங்கு பழைய படங்களுக்கு

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்க்ராப்புக் ஆல்பம் ஒன்று செய்தேன். தடித்த தாள் துண்டுகள், ஸ்டிக்கர், வாஷி டேப் (அலங்காரத் தாள் டேப்), ரிப்பன், பித்தளை ஊசி (தாளில் குத்திப் பின்னால் இரண்டு காலையும் விரிப்பது), பாதி பசை என்று ஒரு பெட்டி நிறைய மிஞ்சிவிட்டது. மழை தொடங்கியதும் தாள்கள் சுருள ஆரம்பித்துவிட்டன. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வரவில்லை. இவற்றை வைத்து என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, எறியாமல் வைத்திருந்தது நல்லது. ஆனால் ஒட்டுகிற வேலையை இப்போதே தொடங்காதீர்கள். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. ஈரம் குடித்த தாளை ஒட்டினால், காயும்போது பக்கம் முழுவதும் வளைந்து நிற்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒட்டு வேலைக்கு ஏற்ற மாதங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இது தலைகீழ். அங்கே ஜூன், ஜூலை, ஓகஸ்ட்தான் காய்ந்த காலம். மழை நாட்களில் பிரிப்பது, வெட்டுவது, மடிப்பது ஆகியவற்றை மட்டும் செய்யுங்கள்.

சுருண்ட தாளை வெயிலில் போட வேண்டாம், நிறம் போய்விடும். அடுப்படிப் பரணும் ஆகாது, புகை படியும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, மூன்று நாள் விடுங்கள். பிறகு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தையும் உள்ளே வையுங்கள். அந்தப் பொட்டலம் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. அரிசி போடச் சொல்பவர்கள் உண்டு. அது அவ்வளவாக ஈரம் இழுக்காது, பூச்சியைத்தான் கூட்டி வரும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பொலிப்ரொப்பிலீன், தாளுக்கும் படத்துக்கும் தீங்கில்லை. 3 என்று இருந்தால் பிவிசி. அதற்குள் படங்களை வைக்கவே வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மிச்சத் தாள் என்றதும் எல்லோரும் வாழ்த்து அட்டைக்குத்தான் போவார்கள். அதுவும் செய்யலாம். ஆனால் உங்கள் பெட்டியில் இருக்கும் நல்ல தாள், வீட்டில் எங்கோ மூலையில் கிடக்கும் பழைய படங்களைக் காப்பாற்றக்கூடியது. அதற்குத்தான் முதல் பங்கு.

நம்முடைய தோட்டக் குடும்பங்களில் படங்கள் கொஞ்சம்தான். ஸ்டுடியோவில் நின்று எடுத்த கல்யாணப் படம் ஒன்று, கடவுச்சீட்டுக்கு எடுத்த முகங்கள் சில. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களில் பாதிப் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். இங்கே தங்கியவர்களிடம் பிரிவுக்கு முன் எடுத்த ஒரே ஒரு படம்தான் மிஞ்சியது. அதுவும் பல வீடுகளில் ஒட்டும் ஆல்பத்தில் கிடக்கிறது. மேலே பிளாஸ்டிக் தாள், கீழே வரிவரியாகப் பசை உள்ள அந்த ஆல்பத்தைச் சொல்கிறேன். அந்தப் பசை வருடம் போகப்போக மஞ்சளாகிப் படத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

என் அப்பாயியின் படத்தை நான் அப்படி ஒரு ஆல்பத்திலிருந்து விரலால் நெம்பி இழுத்தேன். ஒரு கன்னம் அட்டையோடு போய்விட்டது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில், ஆல்பத்தில் இருக்கும்படியே படத்தைப் போனில் தெளிவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலுள்ள பிளாஸ்டிக்கை மெதுவாகத் திருப்புங்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல், மெழுகு பூசாதது, ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, படத்தின் ஒரு மூலைக்குக் கீழே நுழைத்து, வாள் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். நூல் பசையைத்தான் அறுக்க வேண்டும், படத்தைத் தூக்கக் கூடாது. நூல் முரண்டினால் அடுத்த மூலையிலிருந்து வாருங்கள். எந்தப் பக்கமும் அசையவில்லையா? விட்டுவிடுங்கள். பக்கத்தோடு சேர்த்து வெட்டி எடுத்து வைப்பது மேல். சூடு காட்டிப் பிரிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், படத்தின் மேல்பூச்சும் இளகிவிடலாம்.

பிரித்த படத்தை மறுபடி பசையால் ஒட்ட வேண்டாம். உங்கள் துண்டுத் தாளிலேயே மூலைப்பிடி செய்யலாம். 5 சென்ரிமீற்றர் நீளம், 2.5 அகலத்தில் மெல்லிய தாளை வெட்டுங்கள். நீளப்பக்கம் மேலும் கீழும் வரும்படி வையுங்கள். மேல் ஓரத்தின் நடுவை விரலால் அழுத்திக்கொண்டு, வலது மேல் மூலையைக் கீழ் ஓரத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். இடது மூலையையும் அதேபோல். கிடைக்கும் முக்கோணத்தின் பின்புறம், நடுவில் பொருத்து தெரியும் பக்கத்தில் மட்டும், பசை தொட்டுப் பக்கத்தில் ஒட்டுங்கள். படத்தின் மூலை அந்தப் பைக்குள் நுழைந்து நிற்கும். ஒரு படத்துக்கு நான்கு மூலைப்பிடிகள். ஒரு மாலையில் ஐம்பதாவது மடித்துவிடலாம்.

படத்தைத் தொடும் தாள் எது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பக்கெற்றில் ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ (அமிலமும் லிக்னினும் இல்லாதவை) என்று போட்டிருந்த தாள்கள் மட்டுமே. பத்திரிகையை ஜன்னலோரம் போட்டுவிட்டால் சில நாளில் மஞ்சளாகிறதே, அது மரக்கூழிலுள்ள லிக்னின் செய்யும் வேலை. அதே வேலையைத்தான் படத்தின் மேலும் மெல்ல மெல்லச் செய்யும். பக்கெற் தொலைந்துவிட்ட துண்டுகளை அட்டை வேலைக்குத் தள்ளுங்கள். மினுக்குத் தூள், மரத்துண்டு அலங்காரம், பித்தளை ஊசி மூன்றுக்கும் படப் பக்கத்தில் இடமில்லை. தூள் கீறும், மரம் அமிலம் விடும், நம் பனியில் ஊசி பச்சை பிடிக்கும். பழைய தேயிலைப் பெட்டியில் ஆல்பத்தை வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒட்டுப்பலகைப் பெட்டி படங்களுக்கு ஆகாது.

படத்துக்குக் கீழே சிறு தாள் துண்டில் பெயர், உறவு, தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன் என்று பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பளபளப்பான படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் மை அடுத்த படத்தில் ஒட்டிவிடும். வீட்டில் அம்மாயி, தாத்தா யாராவது இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

மற்றவை சுலபம். மீதித் தாளில் மொய்க் கவர் செய்யுங்கள். நம் ஊரில் சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று வருடம் முழுக்கத் தேவைப்படும். சிறிய வாழ்த்துக்கு, 15 சென்ரிமீற்றர் சதுரத் தாளை வைரம்போல் திருப்பி வைத்து, நடுவில் 9.5 சென்ரிமீற்றர் சதுர அட்டையை நேராக வைத்து, நான்கு மூலைகளையும் உள்ளே மடித்தால் உறை தயார். பணம் வைக்க வேண்டுமானால் பெரிய தாளை எடுங்கள், நோட்டை மடிக்காமல் வைத்தால்தான் மரியாதை. ஆல்பத் தாள் 30.5 சென்ரிமீற்றர் சதுரம் என்பதால் ஒன்றை நான்காக வெட்டினால் நான்கு சின்ன உறைகள். தடித்த அட்டையை மடிக்கும் முன், மை தீர்ந்த போல்பொயின்ற் பேனாவால் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு அழுத்துங்கள், மடிப்பு வெடிக்காது.

வாஷி டேப்பைப் பள்ளிக் கொப்பி உறைகளின் ஓரத்துக்கும், மிளகாய்த்தூள், மல்லித்தூள் போத்தல்களுக்கு லேபிளாகவும் ஒட்டிவிடுங்கள். குளிரில் அதன் பிடி தளரும், அதனால் முக்கியமான எதையும் அதை நம்பி ஒட்ட வேண்டாம். பாதிப் பசை கட்டிபட்டிருந்தால் அதை மட்டும் எறியலாம், மனம் நோக வேண்டியதில்லை.

பித்தளை ஊசிகளைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். மகள் மணி பார்க்கப் பழகும் வயதில் பிரிஸ்டல் போர்டில் ஒரு வட்டம் வெட்டி, இரண்டு முட்களையும் அந்த ஊசியால் நடுவில் குத்திவிட்டால், முள் தளராமல் சுற்றும் கடிகாரம் கிடைக்கும். எண்களுக்கு உங்களிடம் மிஞ்சிய ஸ்டிக்கர்களே போதும்.