கிளாசிக் எடிட்டரை விட்டு பிளாக் எடிட்டருக்கு: கேள்வி பதில்

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 5.0 பதிப்பு வெளிவந்தது 2018 டிசம்பர் 6 அன்று. குட்டன்பெர்க் என்ற பெயரில் உருவான, கட்டுரையைத் தனித்தனித் துண்டுகளாக (பிளாக்) அடுக்கும் பிளாக் எடிட்டர் அன்றுதான் முதன்மை எடிட்டர் ஆனது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பழைய எடிட்டரைத் திரும்பத் தரும் 'கிளாசிக் எடிட்டர்' பிளகின் (கூடுதல் மென்பொருள்) துணையோடு பழைய முறையிலேயே எழுதுகிறவர்கள் பலர். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிளகினை நிறுத்திவிட்டால் பழைய கட்டுரைகள் எல்லாம் கலைந்துவிடுமா ஐயா?

கலையாது. வாசகர் பார்க்கும் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறாது. ஒரு பழைய கட்டுரையைத் திருத்துவதற்காக நீங்கள் திறக்கும்போது மட்டும், அது முழுவதும் 'கிளாசிக்' என்ற ஒரே பிளாக்குக்குள் தெரியும். 'கன்வெர்ட் டு பிளாக்ஸ்' பொத்தானை அழுத்தினால் ஒழிய அது பிரியாது.

இதில் என் கருத்து உறுதியானது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற உட்காராதீர்கள். இனி எழுதுவதைப் புதிய எடிட்டரில் எழுதுங்கள். பழையதை, திருத்த வேண்டிய தேவை வரும்போது மட்டும் மாற்றுங்கள். யாரும் தொடாத கட்டுரை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தொடங்கும் முன், கட்டுரைகள் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு காப்புநகல் எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தப் பொத்தானை அழுத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒவ்வொரு பத்தியும், தலைப்பும், படமும் தனித்தனி பிளாக்காகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு எச்.டி.எம்.எல். குறிப்புரை சேர்கிறது, 'இங்கே பத்தி தொடங்குகிறது, இங்கே முடிகிறது' என்று எடிட்டருக்குச் சொல்வது அதுதான். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது என்பதால் வாசகருக்குத் தெரியாது. எடிட்டருக்கு அடையாளம் தெரியாத பகுதி 'கஸ்டம் எச்.டி.எம்.எல்.' பிளாக்காக ஒதுங்கி நிற்கும்.

அட்டவணைகளையும், எழுத்து சூழ்ந்து ஓடும்படி ஓரத்தில் வைத்த படங்களையும் கட்டாயம் பாருங்கள். பழைய பக்கத்தை ஒரு டேபிலும் முன்னோட்டத்தை இன்னொரு டேபிலும் திறந்து ஒப்பிட்ட பிறகு சேமியுங்கள். சேமித்த பிறகு தவறு கண்ணில் பட்டாலும் 'ரிவிஷன்ஸ்' வழியாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பலாம்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஆசிரியர்கள் சிலர். ஒருவர் புதியதிலும் மற்றவர் பழையதிலும் எழுதினால் பரவாயில்லையா?

வெவ்வேறு கட்டுரைகள் என்றால் பரவாயில்லை. ஒரே கட்டுரை என்றால் வேண்டாம். பிளாக்காக மாறிய கட்டுரையைக் கிளாசிக் எடிட்டரில் திறந்து திருத்தும்போது அந்தக் குறிப்புரைகளுக்கும் உள்ளே இருக்கும் எழுத்துக்கும் பொருத்தம் குலைந்துவிடக்கூடும். அடுத்த முறை புதிய எடிட்டரில் திறந்தால், பிளாக்கின் உள்ளடக்கம் செல்லாது என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். மீட்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது, பல நேரம் வேலையும் செய்கிறது. இருந்தாலும் 'மாற்றியதை மறுபடி பழையதில் தொடக்கூடாது' என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவிதை எழுதுகிறேன். என்டர் தட்டினால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி இடைவெளி விழுகிறது. வெறுத்துவிட்டேன்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள்; அடுத்த வரி அதே பத்திக்குள் வரும். கவிதைக்கு இன்னும் நல்ல வழி 'வெர்ஸ்' பிளாக். வரி தொடக்கத்தில் நீங்கள் விடும் இடைவெளியைக்கூட அது அப்படியே காக்கும். பழைய எடிட்டரில் இதற்காக நாம் பட்ட பாட்டை நினைத்தால், கவிஞர்கள்தான் முதலில் மாறியிருக்க வேண்டும்.

கேள்வி: என் பக்கங்கள் ஒரு பேஜ் பில்டரில் (பக்கத்தை வடிவமைக்கும் பிளகின்) செய்தவை. அதை நீக்கிவிட்டு பிளாக் எடிட்டருக்கு வரலாமா?

வரலாம், ஆனால் இதுதான் கடினமான பாதை. ஷார்ட்கோட்டை (சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் குறுங்கட்டளை) நம்பியிருக்கும் பில்டரை நிறுத்தினால், பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிகள் வெறுமனே வந்து நிற்கும். அமைப்பைத் தனியே சேமிக்கும் பில்டராக இருந்தால் எழுத்து மிஞ்சும், வடிவம் போய்விடும். எப்படியானாலும் பக்கங்களைக் கையால் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். தளத்தின் சோதனை நகலில் முகப்புப் பக்கத்தை முதலில் கட்டிப் பாருங்கள். அதற்கு ஆகும் உழைப்பைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சேமிக்கப் போனால் 'சரியான ஜேசன் பதில் இல்லை' என்று வருகிறது.

பிளாக் எடிட்டர், தளத்தோடு தரவைப் பரிமாறும் வழியான ரெஸ்ட் ஏ.பி.ஐ. மூலம் சேமிக்கிறது; அதற்கான பதில் ஜேசன் என்ற தரவு வடிவில் வர வேண்டும். பாதுகாப்பு பிளகின் ஏதாவது அதை அடைத்திருக்கலாம். முதலில் அமைப்புகளில் 'பெர்மாலிங்க்ஸ்' (கட்டுரை முகவரிகள்) பகுதிக்குப் போய், எதையும் மாற்றாமல் ஒரு முறை சேமியுங்கள். தீராவிட்டால் தளத்தின் நிலையைக் காட்டும் 'சைட் ஹெல்த்' பக்கத்தைப் பாருங்கள். தடை இருந்தால் அங்கே தெரியும்.

கேள்வி: நான் பார்வையற்றவன், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்கிறேன். மாறத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை நண்பரே. தொடக்கத்தில் இந்த எடிட்டர் உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. 2019இல் வெளியான ஒரு சுயேச்சையான ஆய்வு குறைகளை விரிவாகப் பட்டியலிட்டது. அதன் பிறகு நிறையத் திருத்தியிருக்கிறார்கள். பிளாக்கிலிருந்து கருவிப்பட்டைக்குப் போக ஆல்ட் எஃப்10 உதவும். 'லிஸ்ட் வியூ' முழுக் கட்டுரையையும் வரிசையாகத் தரும். ஒரு சோதனைக் கட்டுரையில் பழகிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் கிளாசிக்கிலேயே எழுதுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த பிளகினுக்கு 2021 இறுதி வரைதான் ஆதரவு என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு தேவையுள்ளவரை என்று நீட்டித்துவிட்டார்கள்.

கேள்வி: என் தளம் ஃபிரன்ட்பேஜ் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது, எழுத்து திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். இதையும் கொண்டுவர முடியுமா?

முடியும், கொண்டுவரத்தான் வேண்டும். ஃபிரன்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003. அதில் அட்டவணைகளால் கட்டிய அமைப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். காப்பாற்ற வேண்டியது எழுத்தை.

திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பிறகு கொ, கோ, கௌ வரும் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்: 'கொடி' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி அதன் பின்னால். மாற்றும் கருவி இந்த இடத்தில் தடுக்கினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தேடலிலும் அந்தச் சொல் அகப்படாது. ஒரு பக்கத்தை மாற்றி, முழுவதும் படித்து, சரியாக இருந்தால் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.