ஒரே நாளில் நான்கு ஒயினரியா? இரண்டே போதும்!

கேள்வி: வெளிநாட்டுச் சுற்றுலாவில் ஒரு நாள் முழுக்க ஒயின் தயாரிக்கும் இடங்களைப் பார்க்க எங்கள் ஏஜெண்ட் ஏற்பாடு செய்திருக்கிறார். நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு வகை ஒயின் ருசி பார்க்கலாம் என்கிறார். எனக்கும் என் கணவருக்கும் ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாயில் வைத்ததைத் துப்பினால் தவறாக நினைப்பார்களா? எதுவும் வாங்காமல் வெளியே வந்தால் மரியாதைக் குறைவா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகத் துப்புங்கள், அம்மா. ஒயினை ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். மேசை மேல் அதற்கென்றே ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அதிலேயே கொட்டிவிடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

துப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏஜெண்ட் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை ஊற்றுவது 40 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஆறு வகைக்கு 240 மில்லி. நான்கு இடங்களுக்கு 960 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான். சாயங்காலத்துக்குள் ஆளுக்கு ஒன்றேகால் பாட்டில் உள்ளே போயிருக்கும். மூன்றாவது இடத்தில் எதை ஊற்றினாலும் அருமையாக இருக்கும். நான்காவது இடத்தில் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். அந்த நான்காவது இடம் உங்கள் பட்டியலில் இருப்பதே அதற்காகத்தான்.

இந்த ஏஜெண்ட் விவகாரத்தில் எனக்குப் பொறுமை போய் ரொம்ப நாளாகிறது. எங்கே கூட்டிப்போவது என்பதை ஒயினின் தரத்தைவிட, அங்கே கிடைக்கிற கமிஷன்தான் பல சமயம் முடிவு செய்கிறது. வண்டி ஓட்டி வந்தவர் உள்ளேயே வந்து, பில் போடும் வரை கவுண்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தால், விற்பனைச் சீட்டின் மூலையில் ஏஜென்சியின் பெயரையும் சேர்த்து எழுதினால், புரிந்துகொள்ளுங்கள். இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: நான்கு இடங்களின் பெயர்கள், ருசிக் கட்டணம் பேக்கேஜில் சேர்ந்திருக்கிறதா, பாட்டில் வாங்கினால் அந்தக் கட்டணத்தைக் கழிப்பார்களா. பெயரைச் சொல்ல மறுக்கிற ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ருசி பார்க்கக் கட்டணம் கட்டியாயிற்று, கணக்கு தீர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வரலாம்.

ஒன்றும் தெரியாது என்பதை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் படிப்புப் படித்த மாணவர்களுக்கே மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களிலேயே வர்ணித்தார்கள். கண் சொல்வதை மூக்கு நம்பிவிடுகிறது. காது சொல்வதையும் அப்படித்தான். அதனால் ஊற்றுகிறவர் "இதில் செர்ரி வாசம், பின்னால் புகையிலை" என்று ஆரம்பிப்பதற்கு முன்பே முகர்ந்துவிடுங்கள். அன்றைக்கு வாசனைத் திரவியம் எதுவும் பூசிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு அடைத்துவிடும்.

வாயில் கவனிக்க மூன்று விஷயம் போதும். ஒரு ஸ்பூன் அளவு எடுத்து, ஈறு முழுக்கப் படும்படி சுழற்றித் துப்புங்கள். நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் காய்ந்து இழுத்துப் பிடித்தால் அது டானின், அதாவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற துவர்ப்பு. தொண்டைப் பக்கம் சுடச்சுட ஏறினால் ஆல்கஹால். இந்த மூன்றில் எதுவும் மற்றதை அமுக்காமல், துப்பிய பிறகும் ருசி கொஞ்ச நேரம் நின்றால் நல்ல ஒயின். பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், நான்காவது கிளாஸில் முதலாவது மறந்திருக்கும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் அது கார்க் கெட்ட பாட்டில், வேறு திறக்கச் சொல்லுங்கள். பாட்டிலை எப்போது திறந்தது என்றும் கேளுங்கள். முந்தாநாள் திறந்த பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றிவிட்டு, ஒயினின் குணமே இப்படித்தான் என்று சாதிப்பவர்கள் உண்டு. வெள்ளை ஒயின் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று வந்தால் சந்தேகப்படுங்கள். குளிர் வாசத்தையும் மறைக்கும், குறையையும் மறைக்கும். கிளாஸை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திப்பிடித்துவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள்.

வரிசை இதுதான்: வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இனிப்பு கடைசியில். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பிரான்ஸின் பர்கண்டியில் தயாரிப்பாளர்கள் பலர் சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையைப் பின்னால் கொடுப்பார்கள். அங்கே பினோ நுவார் திராட்சையில் செய்கிற சிவப்பு மெலிசானது, துவர்ப்பு குறைவு. ஷார்டொனே திராட்சையில் வருகிற வெள்ளையோ புளிப்பும் கனமும் சேர்ந்தது, சிவப்புக்குப் பின்னாலும் நாக்கில் எடுபடும். முதலில் வெள்ளையைக் குடித்துவிட்டால் அந்தப் புளிப்பு சிவப்பின் துவர்ப்பை முரடாகக் காட்டும். ஆகவே அங்கே போனால் மாற்றி ஊற்றுகிறார்களே என்று திருத்தப் போகாதீர்கள். துவர்ப்பு தூக்கலான சிவப்பு செய்கிற இடத்தில் இது செல்லாது. அங்கே சிவப்பை முதலில் நீட்டினால் வெள்ளை வேண்டுமென்று கேளுங்கள்.

லேபிளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்பெயினின் ரியோஹாவில் 'ரிசர்வா' என்று போட்ட சிவப்பு ஒயின் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அது சட்டம். அமெரிக்காவிலோ 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு மத்தியச் சட்டத்தில் விளக்கமே இல்லை, நினைத்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். பிரான்ஸில் 'பழைய கொடிகள்' என்று அச்சடிப்பதற்கும் வயது வரம்பு கிடையாது. ஆல்கஹால் அளவும் அப்படித்தான். அமெரிக்க லேபிளில் 12.5 சதவீதம் என்று போட்டிருந்தால் உள்ளே 14 வரை இருக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. இதையெல்லாம் சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை. ஏமாறுவது குடிக்கிறவர்தானே?

வாங்குவதாக இருந்தால், வெளியே கடைகளில் கிடைக்காத, அந்த இடத்தில் மட்டும் விற்கிற ஒயினை வாங்குங்கள். பாட்டிலை வெயிலில் நிற்கிற காரின் டிக்கியில் வைத்துவிட்டு ஊர் சுற்றாதீர்கள், ஒரே மதியத்தில் வெந்துபோகும். வீட்டுக்கே அனுப்புகிறோம் என்பார்கள். சுங்க வரி யார் தலையில் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாதாமாதம் அனுப்பும் 'ஒயின் கிளப்' படிவத்தை ருசி மேசையில் நீட்டினால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், மறுநாள் காலையில் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உள்ளே போகத்தான் செய்யும். எனவே நீங்களோ உங்கள் கணவரோ அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. ஏஜெண்டுக்கு இன்றைக்கே எழுதுங்கள்: நான்கு இடம் வேண்டாம், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, அதில் ஒன்றாவது சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்கிற சிறிய இடமாக இருக்கட்டும். "பேக்கேஜை மாற்ற முடியாது" என்று பதில் வந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பல ஒயினரிகளில் நீங்களே நேரடியாக மெயில் அனுப்பி நேரம் வாங்கிக்கொள்ளலாம்.